வேனுக்குள் ஒரு வீடு... லித்தியம் பேட்டரிக்கு இன்ஜினில் இருந்து சார்ஜ் ஏற்றலாமா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனாவில் தொடங்கி மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். நடுவில் விரிந்து கிடப்பது நல்லார்பார் சமவெளி. அந்தப் பெயருக்கே லத்தீன் மொழியில் 'மரமே இல்லை' என்றுதான் பொருள். இந்தச் சாலையில் ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூடக் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லை. பெரிய ஊர் என்று எதுவும் வராது. நீண்ட தூரத்துக்கு ஒருமுறை பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த ஒரு தங்குமிடம் வரும். பல இடங்களில் செல்போன் சிக்னலும் இருக்காது.

இந்தச் சாலையில் வருடம்தோறும் ஏராளமான வயதானவர்கள் வேன் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும் வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்திய வேனில் மாதக்கணக்கில் நாடு சுற்றுவது அங்கே பெரிய பழக்கம். 'கிரே நோமட்ஸ்' என்றே இவர்களுக்குப் பெயர். நரைமுடி நாடோடிகள்!

அப்படி ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவருக்குச் சர்க்கரை நோய். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய இன்சுலின், வேனில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி போட்டிருக்கிறார்கள். அளவு சரியாகப் பொருந்தியது, ஒயரை மாற்றி மாட்டினார்கள், வேலை முடிந்தது.

முதல் நாள் இரவு ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன் எல்லாம் ஓடியதில் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் மதியம் வெயிலில் ஓரமாக நிறுத்தி, 'கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விட்டால் சார்ஜ் ஏறிடும்' என்று சாப்பிட உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகும் வாடை. டேஷ்போர்டில் சிவப்பாக பேட்டரி விளக்கு எரிந்தது. ஆல்டர்னேட்டர் போய்விட்டது.

சென்னைக்குள் இது நடந்தால் ஒரு மெக்கானிக்குக் கூப்பிட்டால் போதும். நல்லார்பாரில் அப்படி இல்லை. ஆல்டர்னேட்டர் இல்லாமல் இன்ஜின் பேட்டரி கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிடும். அதன்பின் வண்டியும் ஓடாது, ஃபிரிட்ஜும் எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரியாது. உள்ளே இருப்பது ஐஸ்க்ரீம் என்றால் பரவாயில்லை. இன்சுலின்!

இந்தத் தம்பதி கற்பனைதான். ஆனால், இந்தக் கோளாறு கற்பனை இல்லை. கேம்பர் வேன், படகு என்று வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் லித்தியம் பேட்டரிக்கு மாறத் தொடங்கியதில் இருந்து, பல நாடுகளிலும் மெக்கானிக்குகள் பார்த்துவரும் கோளாறு இது. பேட்டரியில் எந்தக் குறையும் இருக்காது. ஆல்டர்னேட்டரிலும் இருக்காது. இரண்டையும் நேரடியாகச் சேர்த்துவைத்ததுதான் தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே வண்டி... இரண்டு பேட்டரி!

கேம்பர் வேனில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எல்லா வண்டியிலும் இருப்பது; செல்ஃப் எடுப்பதற்கு. சாவியைத் திருப்பும்போது சில நொடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அடுத்தது வீட்டு பேட்டரி. ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார், செல்போன் சார்ஜர், தூக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மாட்டிக்கொள்ளும் சிபேப் கருவி என வண்டி நிற்கும்போது நடக்கும் குடித்தனம் முழுக்க இதன் தயவில்தான்.

நீண்ட காலமாக இரண்டுமே லெட் ஆசிட் பேட்டரிகள்தாம். பிரான்ஸ் விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே 1859-ல் உருவாக்கிய அதே தொழில்நுட்பம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே இருக்கும். இன்ஜின் ஓடும்போது ரிலே இரண்டு பேட்டரிகளையும் சேர்த்துவிடும், இரண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜின் நின்றதும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடினாலும் காலையில் செல்ஃப் எடுக்கும். எளிமையான, விலை குறைந்த ஏற்பாடு.

இப்போது வீட்டு பேட்டரி மட்டும் லித்தியத்துக்கு மாறிவிட்டது. வேன்களில் பெரும்பாலும் போடப்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வகை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் உலகுக்கு அறிமுகப்படுத்திய பொருள் இது. லித்தியம் அயனி பேட்டரி ஆய்வுகளுக்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் அவர்.

மாறியதற்குக் காரணம் இருக்கிறது. 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். அதே அளவு லித்தியம் பேட்டரி அதில் பாதி எடைகூட வராது. லெட் ஆசிட்டில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் 80 சதவிகிதத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சார்ஜ் ஏற்றி இறக்கும் கணக்கிலும் பல மடங்கு உழைக்கும். பார்க்க எல்லாமே லாபம்தான். ஆனால், அதன் சாப்பாட்டு முறை வேறு!

பந்தியில் 'போதும்' சொல்லாத விருந்தாளி

கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆள் முதல் தடவை சாதத்தை ஆவலாக வாங்குகிறார். இரண்டாவது தடவை 'கொஞ்சமா வைங்க' என்கிறார். மூன்றாவது தடவை இலைக்குக் குறுக்கே கையை நீட்டிவிடுகிறார். லெட் ஆசிட் பேட்டரி இந்த ஆள்தான். காலியாக இருக்கும்போது நிறைய கரன்ட் எடுக்கும். நிறைய நிறைய, தானாகவே வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்ளும். பரிமாறுபவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது ஆள் வயிறு முட்டும்வரை 'போதும்' என்ற வார்த்தையே சொல்ல மாட்டார். வைக்க வைக்க சாப்பிடுவார். லித்தியம் இந்த ரகம். கிட்டத்தட்ட நிறையும்வரை ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் உள்மின்தடை மிகக் குறைவு என்பதுதான் காரணம்.

சின்னக் கணக்கு ஒன்று. ஆல்டர்னேட்டர் தருவது 14.2 வோல்ட், லித்தியம் பேட்டரி இருப்பது 13.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1 வோல்ட்தான். ஒயர், இணைப்புகள், பேட்டரி எல்லாவற்றின் மின்தடையும் சேர்ந்து 0.01 ஓம் என்றால் பாயும் கரன்ட் 100 ஆம்பியர்! அதுவும் ஐந்து நிமிடத்துக்கு இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து.

ஆல்டர்னேட்டர் ஏன் திணறுகிறது?

பழைய சைக்கிளில் டயரோடு ஒட்டிச் சுற்றும் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும். மெதுவாகப் போனால் மினுமினுக்கும். டைனமோவைச் சாய்த்துவிட்டதும் மிதிப்பது கொஞ்சம் கனக்கும். காரில் இருக்கும் ஆல்டர்னேட்டரும் அடிப்படையில் அந்த வேலையைத்தான் செய்கிறது. இன்ஜின் ஒரு பெல்ட் மூலம் அதைச் சுற்றுகிறது, அது கரன்ட் தருகிறது. கார்களிலும் முதலில் டைனமோதான் இருந்தது. 1960-களில் ஆல்டர்னேட்டர் அதன் இடத்தைப் பிடித்தது.

ஆல்டர்னேட்டரின் வேலை செல்ஃப் எடுத்ததில் குறைந்த கொஞ்சம் சார்ஜை நிரப்பிவிட்டு, பிறகு ஹெட்லைட், ஏசி ஃபேன், வைப்பர் போன்றவற்றுக்குக் கரன்ட் கொடுப்பது. மணிக்கணக்கில் முழு வேகத்தில் உழைப்பதற்காகச் சாதாரண வண்டியின் ஆல்டர்னேட்டர் வடிவமைக்கப்படுவதில்லை.

அதன் மேல் 120 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது கிடைக்கும் அளவு அது. இன்ஜின் ஐடிலிங்கில் 700, 800 சுற்றுதான் ஓடும். பெல்ட் புல்லியின் அளவால் ஆல்டர்னேட்டர் அதைவிட இரண்டரை, மூன்று மடங்கு வேகமாகச் சுற்றும். அப்படிப் பார்த்தாலும் 2,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான் வரும்.

இங்கேதான் சிக்கல். ஆல்டர்னேட்டரைக் குளிர வைப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஃபேன். சுற்று குறைந்தால் ஃபேனின் காற்றும் குறையும். வண்டி நிற்பதால் முன்னால் இருந்து வரும் காற்றும் கிடையாது. லித்தியம் பேட்டரியோ, 'இருக்கிறதை எல்லாம் கொடு' என்று இழுக்கிறது. வேலை அதிகம், காற்று குறைவு. சூடு எங்கே போகும்?

அந்தச் சூடும் கொஞ்சநஞ்சம் இல்லை. வழக்கமான ஆல்டர்னேட்டரின் திறன் 55 முதல் 60 சதவிகிதம் வரைதான். 100 ஆம்பியரை 14 வோல்ட்டில் தருகிறது என்றால் வெளியே வருவது 1,400 வாட். அதைத் தருவதற்குள் சுமார் 1,000 வாட் வெறும் சூடாக வீணாகும். வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒன்றை முழுச் சூட்டில் வைத்து இன்ஜின் பக்கத்தில் மாட்டிவிட்டது மாதிரி! காப்பர் சுருளின் மேல் இருக்கும் பூச்சு கருகும், டயோடுகள் போகும், பேரிங் கெடும். மேலே சொன்ன தம்பதிக்கு வந்த வாடை அதுதான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த விக்ட்ரான் எனர்ஜி என்ற மின்சாதன நிறுவனம் இதை ஒரு செயல்விளக்க வீடியோவாகவே எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறது. லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டருடன் நேரடியாக இணைத்து, குறைந்த சுற்றில் ஓட விடுகிறார்கள். ஆல்டர்னேட்டர் சூடாகிப் புகைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓட விட்டு சார்ஜ் போடுவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. மூடிய வேனுக்குள் ஆட்கள் தூங்கும்போது இன்ஜின் ஓடினால், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆல்டர்னேட்டர் போனால் வாங்கிக்கொள்ளலாம். உயிரை வாங்க முடியாது.

திடீரெனக் கதவைச் சாத்தினால்..?

சூடு ஒரு பிரச்னை. இரண்டாவது பிரச்னை நொடிக்கும் குறைவான நேரத்தில் வருவது.

பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளுக்குள் பி.எம்.எஸ் என்ற காவலாளி சர்க்யூட் இருக்கும். ஏதாவது ஒரு செல்லில் வோல்ட்டேஜ் எல்லை மீறினாலோ, சூடு அதிகமானாலோ, கரன்ட் அளவுக்கு மேல் பாய்ந்தாலோ அது பேட்டரியைச் சட்டென்று துண்டித்துவிடும். பேட்டரியைக் காப்பாற்ற அது செய்யும் நல்ல வேலை அது.

ஆனால், அந்த நொடியில் ஆல்டர்னேட்டர் 80, 100 ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வாங்குவதற்கு ஆள் திடீரென்று இல்லை. தண்ணீர் வேகமாக வரும் குழாயைச் சட்டென்று மூடினால் பைப் 'டக்'கென்று அதிருமே, அதேபோல வோல்ட்டேஜ் எகிறும். இதற்கு 'லோடு டம்ப்' என்று பெயர். தடுப்பு எதுவும் இல்லாத 12 வோல்ட் ஆல்டர்னேட்டரில் இது 79 முதல் 101 வோல்ட் வரை போகலாம் என்ற கணக்கில்தான் வாகன மின்சாதனங்களுக்கான சர்வதேச சோதனைத் தரமே எழுதப்பட்டிருக்கிறது. முதல் அடி ஆல்டர்னேட்டரின் டயோடுக்கு. அடுத்த அடி வண்டியின் கம்ப்யூட்டருக்கு விழலாம்.

இன்ஜின் பேட்டரி இணைப்பிலேயே இருந்தால் அது அந்த அதிர்ச்சியில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்ளும். அது இல்லாமல் லித்தியம் மட்டுமே ஆல்டர்னேட்டரோடு இருந்தால்தான் உச்சகட்ட ஆபத்து. படகுகளில் இந்தக் கவலை இன்னும் அதிகம். நடுக்கடலில் கரன்ட் போனால் வழிகாட்டும் கருவியும் சேர்ந்து போகும். அதனால்தான், அமெரிக்கப் படகுகளுக்கான தரங்களை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி அமைப்பு 2022-ல் லித்தியம் பேட்டரிக்கென்றே இ-13 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. பேட்டரியைத் துண்டிப்பதற்கு முன்னால் ஓட்டுபவருக்கு விளக்கிலோ ஒலியிலோ எச்சரிக்கை வர வேண்டும் என்பது அதில் சொல்லப்படும் விஷயங்களில் ஒன்று.

குளிர் நாடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஜீரோ டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால், உள்ளே உலோக லித்தியம் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். பனிக்காலத்தில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வேனைக் காலையில் கிளப்பியதும் இதுதான் நடக்கும். நல்ல பி.எம்.எஸ் அப்போது சார்ஜை ஏற்கவே ஏற்காது. அந்த வசதி இல்லாத மலிவான பேட்டரி, சத்தமில்லாமல் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும்.

புது வண்டியில் வேறு கதை

'பழைய வண்டியில்தானே பிரச்னை, புது வண்டி ஸ்மார்ட்டாச்சே' என்று நினைக்கலாம். ஸ்மார்ட்தான். அதுவே ஒரு தலைவலி.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையான பிறகு வந்த பல வண்டிகளில், ஆல்டர்னேட்டரை வண்டியின் கம்ப்யூட்டர்தான் கட்டுப்படுத்துகிறது. டீசலை மிச்சப்படுத்த, வேகம் எடுக்கும்போது ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜை 12-ன் பக்கத்தில் இறக்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது 15-ன் பக்கத்தில் ஏற்றி, வீணாகும் ஆற்றலைக் கரன்ட்டாக மாற்றும்.

பழைய ரிலே இதைப் பார்த்துக் குழம்பிப்போகும். வோல்ட்டேஜ் இறங்கியதும் 'இன்ஜின் நின்றுவிட்டது' என்று நினைத்துப் பிரித்துவிடும், ஏறியதும் சேர்த்துவிடும். சேர்ந்தே இருந்தாலும் 12.5 வோல்ட் வரும் இடத்தில் இருந்து 13.2 வோல்ட்டில் இருக்கும் லித்தியத்துக்கு எப்படிச் சார்ஜ் ஏறும்? பள்ளத்தில் இருந்து மேட்டுக்குத் தண்ணீர் பாயாது. சில நேரம் வீட்டு பேட்டரியில் இருந்து இன்ஜின் பக்கத்துக்குத் திருப்பிப் பாயும். எட்டு மணி நேரம் ஓட்டியும் பேட்டரி நிறையவில்லை என்று சிலர் புலம்புவதற்கு இது ஒரு காரணம்.

நடுவில் ஒரு நிதானமான ஆள் தேவை

இவ்வளவுக்கும் ஒரு தீர்வு உண்டு. அதன் பெயர் டிசி-டிசி சார்ஜர். ரிலேவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ரெட்ஆர்க், பிரிட்டனின் ஸ்டெர்லிங், மேலே சொன்ன விக்ட்ரான் எனப் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன.

பந்திக் கதைக்கே திரும்புவோம். பசித்தவருக்கும் பரிமாறுபவருக்கும் நடுவில், 'ஒரு தடவைக்கு ஒரு கரண்டிதான்' என்று நிற்கும் பெரியவர் இவர். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் பேட்டரி எவ்வளவு கேட்டாலும் 30 ஆம்பியருக்கு மேல் போகாது. ஆல்டர்னேட்டர் தருவது 12.5 வோல்ட் என்றாலும், லித்தியத்துக்குத் தேவையான 14.2 அல்லது 14.4 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும். பேட்டரி நிறைந்ததும் அளவைக் குறைக்கும். இன்ஜின் நின்றால் தானும் நிற்கும். பி.எம்.எஸ் திடீரெனத் துண்டித்தாலும், ஆல்டர்னேட்டரும் இன்ஜின் பேட்டரியும் ஒன்றாகவே இருப்பதால் அதிர்ச்சி அந்தப் பக்கம் போகாது.

30 ஆம்பியர் போதுமா? கணக்குப் பார்த்துவிடலாம்.

200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 2.5 யூனிட் கரன்ட். நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். வேனில் ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 40 ஆம்பியர் ஹவர், விளக்கு, ஃபேன், செல்போனுக்கு 15, சிபேப் கருவிக்கு 25 என்று வைத்தால் மொத்தம் 80. மணிக்கு 30 வீதம் ஏற்றினால் மூன்று மணி நேரத்துக்குள் அந்த 80 திரும்ப வந்துவிடும். நல்லார்பார் சாலையில் அது 270 கிலோமீட்டர் ஓட்டம். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும். வேன் கூரையில் சோலார் தகடும் இருந்தால் இன்னும் சுலபம்.

'சீக்கிரம் ஏறட்டும்' என்று 60 ஆம்பியர் சார்ஜர் வாங்கும் ஆசை வரலாம். அதற்கு முன் ஆல்டர்னேட்டரின் அளவைப் பார்க்க வேண்டும். சார்ஜர் எடுத்துக்கொள்ளும் கரன்ட், ஆல்டர்னேட்டர் அளவில் பாதியைத் தாண்டாமல் இருப்பது பொதுவாகப் பாதுகாப்பு. 30 ஆம்பியர் சார்ஜர் உள்ளே வாங்குவது 30 இல்லை. வோல்ட்டேஜை ஏற்றுவதாலும் கொஞ்சம் சூடாக வீணாவதாலும் 37 ஆம்பியர் வரை வாங்கும். ஹெட்லைட், ஏசி எல்லாம் அதற்கு மேல்.

'மெல்லிசா ஒயர் போட்டா போதும்' - சரியா?

சார்ஜர் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், மெல்லிய ஒயர் போட்டால் கரன்ட் தானாகக் குறைந்துவிடும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். கரன்ட் குறையும் என்பது உண்மை. குறைகிற அந்த ஆற்றல் ஒயரில் சூடாக மாறும் என்பதும் உண்மை. அந்த ஒயர் போவது கார்பெட்டுக்கும் மரப்பலகைக்கும் அடியில், அதற்கு மேலே ஆட்கள் படுத்துத் தூங்கும் இடத்தில்.

சார்ஜர் போட்டாலும் ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் இருக்கும் இன்ஜினில் இருந்து பின்னால் 5 மீட்டர் தள்ளி இருக்கும் பேட்டரிக்குப் போக 5, வர 5 என மொத்தம் 10 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயரில் 37 ஆம்பியர் பாய்ந்தால் வழியிலேயே 1 வோல்ட் காணாமல்போகும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் இழப்பு 0.4 வோல்ட்தான்.

ஃபியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும். ஒரே ஒரு ஃபியூஸை இன்ஜின் பக்கம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது பலர் செய்யும் தவறு. ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் இரண்டு பக்கத்தில் இருந்தும் கரன்ட் பாயும். இரண்டு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஒவ்வொரு ஃபியூஸ் இருந்தால்தான் பாதுகாப்பு.

பேட்டரியை வைக்கும் இடமும் முக்கியம். இன்ஜினுக்குப் பக்கத்தில் சூட்டில் வைக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2022-ல் திருத்தப்பட்ட கேரவன் மின்தரத்தில், லித்தியம் பேட்டரியை ஆட்கள் வசிக்கும் பகுதிக்குள் அப்படியே திறந்தவெளியில் வைக்கக் கூடாது, பிரித்து மூடிய அமைப்பில் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நல்லார்பார் நமக்குத் தூரம். ஆனால், வேனுக்குள் ஃபிரிட்ஜும் படுக்கையும் நமக்கு இப்போது தூரம் இல்லை. பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. பழைய டெம்போ டிராவலரை வாங்கி வீடாக மாற்றி, குடும்பத்தோடு லடாக் வரை போய்வருபவர்களின் வீடியோக்கள் யூடியூபில் நிறைய ஓடுகின்றன. லடாக் என்றால் ஜீரோ டிகிரி விஷயமும் சேர்ந்துகொள்ளும். நடமாடும் மருத்துவ வேன், உணவு வண்டி எதிலும் இதே கணக்குதான். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 விதி வந்துவிட்டதால், புது வண்டியை மாற்றுபவர்கள் ஆல்டர்னேட்டர் ஸ்மார்ட் வகையா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

வேனே இல்லாத வீட்டுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலுத்துப்போய், 'பேட்டரியை மட்டும் லித்தியமா மாத்திடலாம்' என்று நினைப்பவர்கள் அதிகமாகிவருகிறார்கள். பழைய இன்வெர்ட்டர் லெட் ஆசிட் பேட்டரியின் பழக்கத்துக்குச் செய்யப்பட்டது. அதில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால், வேனில் நடந்த அதே தவறு வீட்டுக்குள் நடக்கும்.

வேன் மாற்றும் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள்

* ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்? ஸ்மார்ட் வகையா?

* இன்ஜினுக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் இருப்பது ரிலேவா, டிசி-டிசி சார்ஜரா?

* சார்ஜரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செட்டிங் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா?

* பேட்டரியின் பி.எம்.எஸ், ஜீரோ டிகிரிக்குக் கீழே சார்ஜைத் தடுக்குமா?

* ஒயரின் தடிமன் என்ன? இரண்டு முனையிலும் ஃபியூஸ் இருக்கிறதா?

* இன்ஜின் நின்றால் சார்ஜரும் நிற்கிறதா? நேரில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

இவற்றுக்குப் பதில் சொல்லாமல், 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்று மட்டும் சொன்னால், அந்தக் கடையில் வண்டியை விடாமல் திரும்பிவிடலாம்.

அந்தத் தம்பதியின் வேனில் மட்டும் கிளம்புவதற்கு முன் இந்த ஆறு கேள்விகளையும் யாராவது கேட்டிருந்தால்? ரிலே இருந்த இடத்தில் ஒரு சார்ஜர் வந்திருக்கும். மதியச் சாப்பாட்டின்போது இன்ஜின் அணைந்தே இருந்திருக்கும். காலையில் ஓட்டிய மூன்று மணி நேரத்திலேயே பேட்டரி தேவையான அளவு ஏறியிருக்கும். ஃபிரிட்ஜில் இன்சுலினும் குளிர்ச்சியாக இருந்திருக்கும். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த 146 கிலோமீட்டர் நேர்ச்சாலைக்கு அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.